நகரசபை என்னும் சொல்லின் பொருள்



பட்டணத்தில் தெருவிளக்கு எரியாவிட்டாலும், குப்பை வாரப்படாவிட்டாலும், "முனிசிபாலிடி என்ன செய்கிறது?" என்று கேட்பது ஜனங்களின் வழக்கம். அச்சொல்லின் பொருளைச் சற்று ஆராய்ந்தால், அக்கேள்வியில் பாதி கேட்டவரிடமே திரும்பி வரும்.

முனிசிபாலிடி என்பது 'முனிசிபியம்' என்னும் லத்தீன் பதத்திலிருந்து பிறந்தது. அப்பாஷையில் 'முனுஸ்' என்றால் கடமை. 'காபெரே' என்றால் ஏற்றுக்கொள்ளுதல். ஆகவே அச்சொல்லின் வேர் கட்டிடத்தையோ உத்தியோகஸ்தரையோ குறிப்பதன்று. பொதுக்காரியத்தின் பாரத்தை ஏற்ற குடிகளையே குறிப்பதாகும்.

தமிழில் நகரசபை, நகராண்மைக் கழகம் என்றெல்லாம் வழங்கியது இப்பொழுது நகராட்சி எனப்படுகிறது. சோழர் காலத்துச் சாசனங்களில் 'நகரம்' என்பது வர்த்தகர் வாழ்ந்த இடத்துக்கு மட்டுமன்றி, அவ்விடத்தை நிர்வகித்த அவர்களுடைய கூட்டத்துக்கும் பெயராயிருந்தது. 'ஊர்' என்பதும் அவ்வாறே. "ஊர் கூடித் தேர் இழுக்கவேண்டும்" என்னும்போது, கூடுவது மண்ணும் வீடுமல்ல, மனிதரே அன்றோ?

பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ம் வருஷங்களில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்ச் சாசனங்கள் ஒரு கிராம சபையின் விதிகளைக் கூறுகின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடவோலை எடுத்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு ஆட்களைத் தெரிந்தெடுத்தார்கள். முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்பது அவ்விதிகளுள் ஒன்று.

அச்சபையில் நிலமும் வேதக்கல்வியும் உடைய பிராமணருக்கே இடமிருந்தது; உழுத குடியானவனுக்கும் பெண்களுக்கும் இடமில்லை. 1993-ம் வருஷம் அமலுக்கு வந்த 73, 74-வது அரசியலமைப்புத் திருத்தங்களோ, ஜனங்கள் நேரே தெரிந்தெடுக்கும் பஞ்சாயத்துகளையும் நகராட்சிகளையும் ஏற்படுத்தி, பட்டியல் சாதியாருக்கும் பழங்குடியினருக்கும் ஜனத்தொகைக்கேற்ற ஸ்தானங்களையும், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத ஸ்தானங்களையும் ஒதுக்கின. வாசல் அகன்றது, ஆனால் கணக்குக் கேட்கும் கடமை குறையவில்லை.

சங்கத்துக்கும் இதுவே நியாயம். அங்கத்தினருக்கு ஆளுக்கு ஒரு வோட்டு உண்டு. மகாசபையில் வரவுசெலவு வாசிக்கப்படும்போது திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்துவிட்டு, பிறகு "சங்கம் கெட்டுவிட்டது" என்று சொல்வதில் பயனில்லை. சங்கம் என்பது பெட்டியும் பேரேடுமல்ல. கூடியிருக்கும் அங்கத்தினரே சங்கம். கடன் தவணையைக் காலத்தில் செலுத்துவதும், கணக்கைக் கேட்டு அறிவதும் ஆகிய இரண்டையும் ஏற்றவரே அப்பெயருக்கு உரியவர்.