தேடுபொறித் தொழிலின் எதிர்காலம்



இணையத் தளங்களைத் தேடுபொறியின் முதல் வரிசையில் நிறுத்தும் தொழிலையே கற்பேன் என்கிறான் என் மகன். அது நிலைக்குமா என்பதே என் கவலை.

1998-இல் நிறுவனமாகத் தோன்றிய கூகிள், ஒரு தளத்துக்குப் பிற தளங்கள் தரும் இணைப்புகளை வாக்குகளெனக் கொண்டு வரிசை வகுத்தது. சிலர் அவ்விணைப்புகளை விலைக்கு வாங்கினர். 2012-இல் வந்த பென்குவின் திருத்தம் அவர்களைக் கீழே தள்ளியது. 2024 முதலோ செயற்கை நுண்ணறிவு முகப்பிலேயே விடை கூறிவிடுகிறது. தளத்தை நாடாமலேயே பலர் திரும்பிவிடுகின்றனர்.

ரயில்வேயில் 2002-இல் இணையவழிப் பயணச்சீட்டு வந்தது. நாளடைவில் முன்பதிவு கவுண்டரில் வரிசை சுருங்கியது; பயணிகள் சுருங்கவில்லை. அவ்வாறே தேடுவோரும் என்றும் இருப்பர். ஆகவே, குறுக்குவழியை மட்டும் கற்றவன் தோற்பான். பொருளறிந்து மெய்யை எழுதக் கற்றவன் பிழைப்பான். மகனுக்கு நான் கூறியது இதுவே. நம் காலனி இளைஞர்க்கும் இதுவே என் வேண்டுகோள்.