நிலத்தின் நினைவைப் படமாக்கியோர்

 

சிற்றூர் வாழ்வைக் காட்டும் ஆவணப்படங்களைப் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். உழவரைப் படமெடுத்தோர் பலர்; அவர்களிடம் மாணவராக அமர்ந்தோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஜப்பான் நாட்டு ஷின்சுக்கே ஒகாவா.

விமான நிலையத்திற்காகத் தம் நிலம் பறிபோவதை எதிர்த்து நரிட்டா பகுதி உழவர்கள் போராடினர். ஒகாவாவும் குழுவினரும் அவர்களிடையே தங்கி, 1968 முதல் அப்போராட்டத்தைப் படமாக்கினர். உழவரை அறிய வேண்டுமாயின் உழவை அறிய வேண்டும் என்பது அவர்கள் கண்ட உண்மை. ஆகவே 1970களின் நடுவில் வடபகுதியிலுள்ள யமகட்டா மாநிலத்தின் மகினோ என்னும் சிற்றூரில் குடியேறினர். பத்தாண்டுகளுக்கு மேல் அங்கு வாழ்ந்து, தாமே சேற்றில் இறங்கி நெல் பயிரிட்டனர்.

1982இல் வெளிவந்த 'ஃபுருயாஷிக்கி' படம், குளிரால் நெல் பொய்த்த ஒரு மலைச் சிற்றூரைப் பற்றியது. ஊரின் மாதிரி வடிவம் ஒன்றைச் செய்து, குளிர்காற்று எவ்வழியே வயலில் இறங்குகிறது என்று காட்டினர், மண்ணையும் ஆராய்ந்தனர். பின்னர், கரி சுட்ட காலத்தையும் போர்க்காலத்தையும் முதியோர் சொல்லச் சொல்லப் பொறுமையாகப் பதிந்தனர். 1986இல் முடிந்த மகினோ படம் 222 நிமிடம் ஓடுவது. நெற்பூ மலரும் நுண்காட்சியும் அதில் உண்டு. முன்னாளில் நடந்த உழவர் கிளர்ச்சியை அவ்வூர் மக்களே வேடமேற்று நடித்த காட்சியும் உண்டு. அறிவியலும் நாடகமும் பழங்கதையும் ஒரே படத்தில் கலந்தது அக்காலத்தில் புதுமுயற்சியாகும்.

இதற்கு மாறான வழியும் உண்டு. 1934இல் ராபர்ட் ஃபிளாகர்ட்டி எடுத்த அயர்லாந்துத் தீவுப் படத்தில், மக்கள் பல்லாண்டுகளுக்கு முன்பே கைவிட்ட சுறா வேட்டையை, படத்திற்காகவே மீண்டும் கற்றுக்கொடுத்து நடிக்கச் செய்தனர். படம் அழகானதே. எனினும், அத்தீவினரின் அன்றைய வாழ்வு அதில் இல்லை.

இளைஞர்களே! ஊரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், நம் பிள்ளைகள் கோயிலையும் குளத்தையும் எழுதுகின்றனர்; தம் தெருவை எழுதத் தயங்குகின்றனர். அத்தயக்கம் என்னை வருத்துகிறது. அக்குளத்தைத் தூர் வாரிய கைகள் யாருடையவை? எந்த மடைநீர் எந்த வயலுக்குப் பாயும், எந்த மண்ணில் எந்த நெல் விளையும் என்பதை அறிந்த நம் முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். கூலிக்காகப் பட்ட பாடும், நிமிர்ந்து நின்று கேட்ட நாளும் அவர்கள் நினைவில் மட்டுமே உள்ளன.

இன்று உங்கள் கைப்பேசியிலேயே படமெடுக்கும் கருவி உள்ளது. அதை நீட்டுவதற்கு முன் பாட்டியுடன் ஒரு நாள் நாற்று நடுங்கள். அவர் சொல்ல விரும்பாததை வற்புறுத்திக் கேளாதீர்கள். எடுத்த படத்தை முதலில் அவருக்கே காட்டுங்கள். நம் வரலாற்றைப் பிறர் எழுதட்டும் என்று காத்திருந்த காலம் போதும்.