ஆவாரம்பட்டையும் அலைக்கோட்டுக் கத்தியும்

வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் போகிறவர்களுக்கு, வறண்ட நிலத்தில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரஞ்செடி புதிதல்ல. குரோமிய உப்பு வருவதற்கு முன்பு இந்த வட்டாரத்துத் தோல் ஷாப்புகளை வாழவைத்தது அதன் பட்டைதான். ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறி, கடுக்காய்ச் சாற்றில் நிறம் தெளிந்து, அதன் பிறகே கப்பலேறின.

அதே செடி கொல்லன் பட்டறைக்கும் போயிருக்கிறது.

1830-களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஜே. எம். ஹீத், தென்னிந்தியக் கொல்லர்கள் எஃகு காய்ச்சியதை எழுதி வைத்திருக்கிறார். தேனிரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டி மண் மூசையில் போடுவார்கள். கூடவே காய்ந்த ஆவாரங்குச்சி. மேலே எருக்கிலை மாதிரி ஒன்றிரண்டு பச்சிலை. வாயைக் களிமண்ணால் அடைத்து, இருபதுக்கும் மேற்பட்ட மூசைகளை ஓர் உலையில் அடுக்கி, துருத்தி ஊதுவார்கள். இரண்டரை மணி நேரத்தில் வேலை முடியும். குச்சியும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்பில் ஏறும். இரும்பு உருகி எஃகாகும். மூசையை உடைத்தால் கிடைப்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு கட்டி, அவ்வளவுதான். எடையும் பெரும்பாலும் ஒரு பவுண்டைத் தாண்டாது.

இந்தக் கட்டிக்காக உலகமே அலைந்தது. 1795-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக்காரர் இதில் கத்தி செய்து விற்றார். அவரோடு சேர்ந்து எஃகை ஆராய்ந்தவர் மைக்கேல் ஃபாரடே. பின்னாளில் மின்சாரத்தால் புகழ்பெற்ற அதே ஃபாரடேதான். அவர் கொல்லர் வீட்டுப் பிள்ளை என்பது பலருக்குத் தெரியாது.

எல்லாரையும் மயக்கியது இந்த எஃகில் செய்த கத்தியின் மேனி. வழவழப்பாகத் தேய்த்து அமிலம் தடவினால், தண்ணீர் நெளிவதுபோல் வெள்ளைக் கோடுகள் எழும்பும். யாரும் செதுக்கியதல்ல, எஃகின் உள்ளேயே இருப்பது. அது எப்படி வந்தது என்பதை உலகம் மறந்தே போனது. மறந்ததை மீட்டவர்களில் ஒருவர் அமெரிக்காவின் புளோரிடாவில் குதிரைக்கு லாடம் அடித்து வந்த ஆல்ஃபிரட் பென்ட்ரே. உலோகவியல் பேராசிரியர் ஜான் வெர்ஹோவனோடு பல வருடம் உலையடியில் நின்றார். 1998-இல் வெளியான அவர்கள் கட்டுரை, இரும்பில் இம்மியளவு கலந்திருக்கும் வனேடியம் போன்ற கலப்புகளே கோடுகள் வரிசைகட்டக் காரணம் என்றது. அப்படியானால், குறிப்பிட்ட சுரங்கத்து இரும்பு தீர்ந்தபோது கைவேலையும் காலாவதியாகியிருக்கலாம். பென்ட்ரே மூசையில் போட்டவை இரும்பு, கரி, கண்ணாடித் துண்டு, அப்புறம் பச்சிலை! ஆவாரை அங்கே ஏது, கிடைத்த இலையைப் போட்டார்.

கட்டியைக் கத்தியாக்குவதுதான் பெரிய வித்தை. நம் பட்டறைகளில் மண்வெட்டி அடிக்கிற சூட்டில் இதை அடித்தால் உதிர்ந்துவிடும். செந்நிறச் சூட்டிலேயே நிறுத்தி, சின்னச் சின்ன அடியாக, காய்ச்சி ஆறவிட்டு, திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். பொறுமை இல்லாதவர் கையில் கோடு வராது.

தமிழ்நாட்டில் இந்த எஃகு காய்ச்சியதன் தடயம் கொடுமணல் அகழாய்வில் கிடைத்தது. மேல்சிறுவளூரில் எஃகு காய்ச்சிய மூசைத் துண்டுகளை ஆராய்ந்து எழுதியவர் சாரதா சீனிவாசன். கத்திகளின் கதிதான் வருத்தம். தஞ்சையின் கடைசி மன்னர் 1855-இல் மறைந்தபின், அரண்மனை ஆயுதங்களில் தேர்ந்தெடுத்தவை சென்னை அருங்காட்சியகம் போயின. மற்றவற்றில் பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பு விலைக்கு விற்றார்கள். யாளியும் கிளியும் குடைந்த கைப்பிடிகளை எடைக்குப் போட எப்படி மனம் வந்ததோ!

இப்படி அலைக்கோடு ஓடும் கத்தியைத்தான் ‘டமாஸ்கஸ் கத்தி’ என்பார்கள். ஆனால் இப்போது இணையத்தில் அந்தப் பெயரில் விற்பவை பெரும்பாலும் வேறு ஜாதி. இரண்டு வகை எஃகை அடுக்கிக் காய்ச்சி ஒட்டியவை. அதுவும் நல்ல கைவேலைதான், குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மேலாகக் கோடு அச்சிட்ட போலியும் நடுவே கலந்து வரும். வாங்கியவர் ஓரத்தில் கொஞ்சம் தேய்த்து, மறுபடி அமிலம் தடவிப் பார்க்கலாம். போலியில் கோடு திரும்பி வராது.