அறிவை அடகு வைக்காதீர்!

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் வேண்டி வந்திருக்கிறது. கல்வி வேலைக்கு மட்டுமன்று. எவருக்கும் ஏவலாள் ஆகாமல் நம்மைக் காக்கும் அரணும் அதுவே. இதனை விளக்க வடநாட்டு நிகழ்ச்சி ஒன்றை உங்கள் முன் வைக்கிறோம்.

அரியானா மாநிலம் சிர்சாவில் 1948இல் தோன்றியது தேரா சச்சா சவுதா என்னும் மடம். தாழ்த்தப்பட்ட மக்கள் ஏராளமாக அதில் சேர்ந்தனர். ஏன்? சாதிப் பெயருக்கு மாற்றாக, மனிதன் எனப் பொருள்படும் 'இன்சான்' என்ற பெயர் அங்கே கிடைத்தது. குடியை விடுமாறு புத்தி கூறினர். இவை நல்லவை அல்லவா? நல்லவையே. மானத்திற்கு ஏங்கும் மக்களுக்கு மானம் தருபவர் தெய்வமாகத் தோன்றுவது இயல்பு. ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

அம்மடத்தின் தலைவர் குர்மீத் ராம் ரகீம் சிங், பெண் பக்தர் இருவரை வன்கொடுமை செய்த குற்றவாளி என்று 2017 ஆகஸ்டு 25 அன்று பஞ்சகுலா சி.பி.ஐ. தனி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னரே அந்நகரில் பல்லாயிரம் பக்தர்கள் குவிந்திருந்தனர். தீர்ப்பைக் கேட்டதும் வாகனங்கள் எரிந்தன, கற்கள் பறந்தன, துப்பாக்கிகள் வெடித்தன. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தலைவருக்கோ இருபது ஆண்டுச் சிறைத் தண்டனை. பக்தர் வீடுகளுக்கு ஆறாத துயரம்.

மனத்தைக் கட்டும் முறை எங்கும் ஒன்றே. அமெரிக்காவின் ஜிம் ஜோன்ஸ், இனச் சமத்துவம் பேசிக் கறுப்பின ஏழைகளைத் திரட்டினார். கயானா நாட்டுக் காட்டிற்கு அழைத்துச் சென்றார். அங்கே அவர்களுடைய பாஸ்போர்ட்டுகள் பறிக்கப்பட்டன. கடிதங்கள் தணிக்கை செய்யப்பட்டன. ஒலிபெருக்கியில் அவர் குரலே ஓயாது ஒலித்தது. வெளியுலகம் முழுவதும் பகை என்று அச்சமூட்டினார். நஞ்சு அருந்துவதற்கு ஒத்திகையும் நடத்தினார். 1978 நவம்பர் 18 அன்று அவர் ஆட்கள் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரைச் சுட்டுக் கொன்றனர். அதே நாளில் தொள்ளாயிரத்திற்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அவர்களுள் ஏறத்தாழ முந்நூறு பேர் குழந்தைகள்.

முதலில் அன்பு, அடுத்துச் சுற்றத்தைப் பிரித்தல், பின்னர் அச்சம், முடிவில் ஆயுதம். இதுவே அப்படிக்கட்டு.

சிர்சா வழக்கிற்கு வித்திட்டது எது? பக்தை ஒருவர் பெயரிடாமல் 2002இல் பிரதமருக்கு எழுதிய கடிதம்! பல்லாயிரம் பேர் கேட்கத் துணியாததை ஒரு பெண்ணின் எழுத்து கேட்டது. எழுத்தின் வலிமை அதுவன்றோ?

ஆடிச் சனிக்கிழமைகளில் நம் குச்சனூர் சனீஸ்வரர் கோயிலுக்கு ஆயிரக்கணக்கானோர் வருகின்றனர். வணங்கிவிட்டு வீடு திரும்புகின்றனர். அத்தகைய வழிபாட்டை நாம் பழிக்கவில்லை. வீடு திரும்பவிடாத பக்தியையே அஞ்சுகிறோம். அரசியலில் தனிமனித பக்தி சர்வாதிகாரத்தில் கொண்டு விடும் என்று அண்ணல் அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார்.

இளைஞர்களே! மடமாயினும், சாதியாயினும், கட்சியாயினும், தலைவரிடம் கேளுங்கள்: கணக்குக் காட்டுவீரா? கேள்வி கேட்க விடுவீரா? விலகிச் செல்ல விடுவீரா? கல்லெடு என்று அவர் கட்டளையிட்டால், அவர் மகன் முன்வரிசையில் நிற்கின்றானா என்று பாருங்கள். நிற்கவில்லையெனில், கல்லைக் கீழே போட்டுவிட்டுப் புத்தகத்தை எடுங்கள்.