முதலில் கணக்குப் பார்ப்போம்



1888-இல் காந்தி சட்டம் படிக்க லண்டன் போனார். கப்பல் ஏறும்போது அவருக்கு வயது 18. அங்கே ஒரு நோட்டுப் போட்டார். பஸ்ஸுக்குக் கொடுத்தது, தபாலுக்குக் கொடுத்தது, பத்திரிகை வாங்கியது எல்லாம் எழுதினார். இரவு படுக்கும் முன் கூட்டிப் பார்த்தார். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் செலவைப் பாதியாகக் குறைக்க முடிவு செய்தார். நடந்து போகும் தூரத்தில் அறை பிடித்தார். ஒரு நாளைக்கு 8 மைல், 10 மைல் நடந்தார். பிறகு காலைக் கஞ்சியைத் தானே காய்ச்சிக் கொண்டார். லண்டனில் நோய் நொடி அதிகம் இல்லாமல் இருந்ததற்கு அந்த நடைதான் முக்கியக் காரணம் என்று பின்னால் எழுதினார்.

காந்தி என்றால் உண்ணாவிரதம் நினைவுக்கு வரும். அந்த நோட்டைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

நமக்கும் இப்போது எழுதத் தெரியும். ஒரு சின்ன நோட்டில் ஏழு நாள் எழுதிப் பார்ப்போமா? என்ன சாப்பிட்டோம், எப்போது சாப்பிட்டோம்? எவ்வளவு நேரம் உட்கார்ந்தோம், எவ்வளவு நடந்தோம்? அந்த ஏழு நாளும் எதையும் மாற்ற வேண்டாம். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். இது பரீட்சை இல்லை. யாரும் மார்க் போட மாட்டார்கள்.

ஒரு தையல்கார அக்கா எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "நான் என்ன பெரிசா சாப்பிடுறேன்? ஒரு வாய் டீதான்" என்பது அவர் பேச்சு. நோட்டு வேறு சொல்கிறது. ஒரு நாளைக்கு டீ 5. ஒவ்வொன்றிலும் சர்க்கரை 2 சின்னக் கரண்டி. ஆக 10 கரண்டி. அது 40 கிராமுக்குக் குறையாது. 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெல்லம் போட்டாலும் இதே கணக்குத்தான்.

இன்னொன்றும் தெரிகிறது. இரவுச் சாப்பாட்டுக்கு நேராக ஏழு நாளும் "சோறு, ஊறுகாய்" என்றே இருக்கிறது. வீட்டில் கீரை செய்த நாளிலும் அப்படித்தான். பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் போட்ட பிறகு சட்டியில் கீரை இல்லை.

இது அந்த அக்கா வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2019-21-இல் நாடு முழுவதும் குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தது. 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்த சோகை. கீரையிலும் பருப்பிலும் இரும்புச் சத்து உண்டு. ஆனால் சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. அக்காவின் நோட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு அடுத்த வரி என்ன? டீ!

"நாள் பூரா வேலை செய்கிறோமே, நடை எதற்கு?" என்று கேட்பீர்கள். நாற்று நடுகிறவர்களுக்கும் செங்கல் சுமக்கிறவர்களுக்கும் தனி நடை தேவையில்லை. அவர்களுக்கு ஓய்வுதான் வேண்டும். தையல் மிஷினில் உட்காருகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர் கதை வேறு. உடம்பு களைக்கிறது, ஆனால் அசையவில்லை. அவர்களுக்கு வாரத்தில் 5 நாள், அரை மணி நேரம் வேகமான நடை வேண்டும்.

நோட்டில் இன்னும் சிலதும் குறியுங்கள். அடிக்கடி தாகம், இரவில் பல தடவை சிறுநீர், ஆறாத புண். இவை சர்க்கரை நோயாக இருக்கலாம். நாட்டில் 10 கோடிப் பேருக்கு அது இருப்பதாக 2023-இல் வந்த ஆய்வு சொன்னது. பலருக்கு இருப்பதே தெரியாது. எழுதி வைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் சோதித்துப் பாருங்கள்.

எட்டாம் நாள் அக்கா நோட்டைப் படித்தார். டீயை விடவில்லை. சர்க்கரையை 1 கரண்டியாகக் குறைத்தார். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விட்டார். அன்று இரவு கீரை. நாலு தட்டையும் வரிசையாக வைத்தார். தன் தட்டிலும் சேர்த்தே கீரையைப் போட்டார்.