விமானப் பயணமும் கண்ணும்



நம் பாட்டன்மார் ரஜுலா, சிதம்பரம் ஆகிய கப்பல்களில் நாள்கணக்கில் பயணம் செய்து தமிழ்நாடு சென்று வந்தார்கள். மாசாய் வட்டாரத் தோட்டத்து மக்களாகிய நாம் இன்று சிங்கப்பூரில் விமானம் ஏறினால், சுமார் நான்கு மணி நேரத்தில் திருச்சியில் இறங்கிவிடுகிறோம். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகிறவர்களோடு, கண் சிகிச்சைக்காகப் போகிறவர்களும் உண்டு. இந்த விரைவான பயணம் நம் கண்ணை என்ன செய்கிறது என்று இன்று பார்ப்போம்.

விமானம் 35,000 அடி உயரத்தில் பறக்கிறது. உள்ளே இருக்கும் நமக்கோ 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலைமேல் இருப்பது போன்ற காற்றழுத்தமே கிடைக்கிறது. அந்தக் காற்று மிகவும் வறண்டது. ஆகவே கண்ணீர் காய்ந்து கண் உறுத்தும். அடிக்கடி இமைப்பதும், மருத்துவர் தந்த சொட்டு மருந்தை இடுவதும் போதும். இதில் அச்சமில்லை.

அச்சம் வேறோரிடத்தில் இருக்கிறது. கேமரன் மலைக்குப் பேருந்தில் ஏறும்போது நொறுக்குத் தீனிப் பொட்டலம் உப்பிக்கொள்வதைக் கண்டிருக்கிறோம் அல்லவா? வெளி அழுத்தம் குறைந்தால் உள்ளே அடைபட்ட காற்று விரியும். விழித்திரை பிய்ந்துபோனவர்களுக்கு அறுவை செய்யும்போது, அதை ஒட்டவைக்கச் சிலருக்குக் கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை வைப்பார்கள். அந்தக் குமிழியும் விமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விரியக்கூடும். அது கண்ணுக்குள் அழுத்தத்தை உயர்த்தி, விழித்திரைக்குப் போகும் இரத்தத்தைத் தடுத்துவிடும். காப்பாற்றிய பார்வையே பறிபோகலாம்.

வெறும் காற்றானால் சுமார் ஒரு வாரத்தில் கரைந்துவிடும். சில வாயுக்களுக்கு இரண்டு மூன்று வாரமும், வேறு சிலவற்றுக்கு இரண்டு மாதம் வரையும் ஆகும். அதுவரை விமானம் கூடாது. கெந்திங் போன்ற உயர்ந்த மலைக்கும் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. வேறு நோய்க்கு மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தாலும், கண்ணில் வாயு இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதற்காகவே கையில் ஒரு பட்டை கட்டி அனுப்புவார்கள். அதைக் கழற்ற வேண்டாம்.

கண்புரை அறுவையில் வழக்கமாக வாயு வைப்பதில்லை. ஆனாலும் எப்போது பறக்கலாம் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்வதே முறை.

பெற்றோர்களே, அறுவைக்கு நாள் குறிக்கும்போதே திரும்பும் பயணத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருத்துவமனை தரும் சீட்டைத் தாத்தா பாட்டியால் படிக்க முடியாவிட்டால், நாங்கள் பாடம் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். அவர்களைப் படித்துச் சொல்லச் செய்யுங்கள். பயணச்சீட்டின் தேதியை மாற்றலாம். போன பார்வையை மீட்பது அரிது.