ஓடம் ஏறுமுன்

"ஆறு கடக்கும் வரையில் அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யார், நான் யார்?" என்பது நம் பழமொழி. நன்றி மறப்போரைச் சாட எழுந்த மொழி அது. ஆயினும் அதன் முற்பகுதியில் ஓர் உண்மை பொதிந்திருக்கிறது. ஒரே படகில் ஏறியவர்கள் கரை சேரும் வரையில் ஒரே குடும்பத்தினர். ஒருவர் செய்யும் பிழை அனைவரையும் தாக்கும். ஒருவர் அறிந்த நன்முறை அனைவரையும் காக்கும்.

பிற மாநிலங்களில் குடியேறிய நமக்குப் படகுப் பயணம் புதிதன்று. மும்பையில் வாழ்வோர் ஊரிலிருந்து வரும் உறவினரை எலிபெண்டாத் தீவுக்கு அழைத்துச் செல்கிறோம். கொல்கத்தாவில் ஹூக்ளி நதியைக் கடந்து அலுவல் பார்க்கிறோம். காசிக்கு வரும் பெற்றோரைக் கங்கையில் படகேற்றிப் படித்துறைகளைக் காட்டுகிறோம். ஏறுமுன் படகின் அளவையும் ஏறியுள்ளோரின் தொகையையும் ஒப்பிட்டுப் பார்ப்போர் நம்முள் எத்தனை பேர்?

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் இரண்டடுக்குப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். பல மாநிலங்களிலிருந்து உல்லாசமாக வந்தவர்கள் அவர்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் நிகழ்ந்த படகு விபத்து, குழந்தைகள் உள்ளிட்ட 22 உயிர்களைப் பறித்தது. அனுமதித்த தொகைக்கு மேற்பட்டோரை அப்படகு ஏற்றியிருந்தது.

படகு கவிழ்வதற்குப் புயல்தான் வேண்டும் என்பதில்லை. பாரம் கீழே இருக்கும்வரை படகு நிலைத்து நிற்கும். மக்கள் மேல்தளத்தில் கூடினாலும், எழுந்து நின்றாலும் பாரம் மேலேறும். படகின் உறுதி குறையும். அந்நிலையில் கரையில் ஒரு யானை தென்பட்டதென்று எல்லாரும் ஒரு பக்கமாய் ஓடினால், அமைதியான நீரிலும் படகு சாய்ந்துவிடும். சாயத் தொடங்கியபின் சட்டை அணிய நேரமிராது. லைஃப் ஜாக்கெட் எனப்படும் மிதவைச் சட்டையைக் கரையிலேயே அணிய வேண்டும் என்பது இதனால்தான். அதன் வார்களை இறுக்கிக் கட்டாவிட்டால் நீரில் சட்டை மேலெழும்பும், உடல் கீழே நழுவும். பெரியவர்களின் சட்டை குழந்தையைக் காக்காது. குழந்தைக்கு அதன் அளவிலான சட்டையே வேண்டும்.

சட்டம் இல்லாமலில்லை. 1917ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக 2021இல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இயற்றப்பட்டது. கலத்தைப் பதிவு செய்தல், தகுதியைச் சோதித்தல், ஓட்டுவோருக்குத் தகுதிச் சான்று, உயிர்காப்புக் கருவிகள் ஆகியவற்றை அது வலியுறுத்துகிறது. படகுப் பாதுகாப்பு குறித்த நெறிமுறைகளைத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017இலேயே வெளியிட்டது. எனினும் ஏட்டில் உள்ள விதி படகில் ஏறுவோரின் உள்ளத்தில் பதியவேண்டுமாயின், அதனை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

அமெரிக்காவில் கடலோரக் காவல் துணைப்படை என்னும் தொண்டர் அமைப்பு 1939இல் தோன்றியது. அதன் உறுப்பினர்கள் ஊதியம் பெறாமல் படகோட்டுவோருக்கு வகுப்பு நடத்துகின்றனர். கேட்போரின் படகைக் கட்டணமின்றிச் சோதித்தும் தருகின்றனர். அந்நாட்டின் பல மாநிலங்களில் பாதுகாப்புப் பாடம் பயின்ற சான்று பெற்றபின்னரே பலர் விசைப்படகை ஓட்ட இயலும். அங்கே படகு வைத்திருப்பவரே பெரும்பாலும் ஓட்டுகிறார். ஆகவே பாடம் அவருக்கு. இங்கே நம்மில் பெரும்பாலோர் பயணிகள். ஆகவே ஓட்டுவோருக்குச் சொல்லும் பாடம் பயணிகளையும் எட்டவேண்டும்.

அதற்கேற்ற தொண்டர்கள் நம் நாட்டிலும் உருவாகி வருகின்றனர். ஆபத்துக்கால நண்பன் என்று பொருள்படும் 'ஆபதா மித்ரா' திட்டம் 2016இல் தொடங்கியது. வெள்ள அபாயமுள்ள 30 மாவட்டங்களில், மாவட்டத்திற்கு 200 பேராக 6,000 பேருக்கு மீட்புப் பயிற்சி அளிப்பது அதன் நோக்கம். பின்னர் அது 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேருக்கென விரிவாக்கப்பட்டது. நீரில் விழுந்தோரை மீட்கக் கற்ற இத்தொண்டர்கள், விழாக் காலங்களில் படகுத்துறைகளில் நின்று, விழாமலிருக்கும் வழியையும் கற்பித்தால் பெரும்பயன் விளையும்.

நமக்கென்று ஒரு பணியும் உண்டு. மராத்தியிலோ, வங்காளியிலோ, இந்தியிலோ படகோட்டி எச்சரிக்கிறார். ஊரிலிருந்து வந்த பாட்டிக்கு அது வெறும் ஓசை. புரியாத மொழியில் கூறிய எச்சரிக்கை, கூறாத எச்சரிக்கைக்கு ஒப்பாகும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இதனை நாள்தோறும் உணர்கிறோம். இரு மொழியறிந்த ஒவ்வொருவரும் படகுத்துறையில் ஒரு தொண்டராகலாம். "உட்காருங்கள், ஒரு பக்கம் சாயாதீர்கள், சட்டையின் வாரைக் கட்டுங்கள்" என்று மூன்று சொற்றொடர் தமிழில் சொன்னாற்போதும். தமிழ்ச் சங்கங்கள் ஏற்பாடு செய்யும் உல்லாசப் பயணங்களில் இதனைச் சொல்வதற்கென ஒருவரை முன்னதாகவே நியமிக்கலாம்.

கூட்டம் மிகுந்த படகை விட்டு அடுத்ததற்குக் காத்திருந்தால் அரைமணி நேரம் வீணாகும் எனக் கருதுகிறோம். அந்த அரைமணி வீணன்று. குடும்பம் முழுவதும் வீடு திரும்புவதற்கு நாம் செலுத்தும் கட்டணம் அது. ஆறு கடக்கும் வரையிலாவது அண்ணன் தம்பியாய் இருப்போம்.